முத்திருளன் மேடு

ரோட்டின் குறுக்கே கிடக்கிற மேட்டுக்கு இருபதடி முன்னால் காரை நிறுத்திவிட்டு இறங்குகிறார் முத்திருளன். கைலியை மடித்துக் கட்டி, குத்தவைத்து, தலையைச் சாய்த்து வண்டியின் அடிவயிற்றைப் பார்க்கிறார். பிறகு மேட்டைப் பார்க்கிறார். மறுபடி வண்டியை. நேற்று மாலையும் இதைத்தான் பார்த்தார். மேடு கரையவில்லை, வண்டி வளரவில்லை.

"இன்னைக்கும் தேறாது" என்கிறார்.

"நாளைக்கும் தேறாது. எறங்கவா?" பின்சீட்டிலிருந்து கேட்கிறார் அவர் மனைவி பாண்டீஸ்வரி.

கார் பின்னோக்கிப் போய், இருநூறடி தள்ளிப் பள்ளிக்கூடச் சுவரோரம் நிற்கிறது. அங்கிருந்து வீடு அரை கிலோமீட்டர். இருவரும் நடக்கிறார்கள். முன்சீட்டில் இருப்பவர் மட்டும் இறங்குவதில்லை. அது கிணற்று மோட்டார், எரிந்துபோனது. குறுக்கே சீட் பெல்ட் போட்டிருக்கிறது.

முத்திருளனுக்கு நாற்பத்தாறு வயது. அலங்காநல்லூரில் மோட்டாருக்குக் காயில் கட்டுகிற கடை. அவர் கம்பி சுற்ற, பாண்டீஸ்வரி கருகிய கம்பியை உருவி எடுப்பார். சுற்றுப்பட்டியில் எந்தக் கிணற்றில் மோட்டார் புகைந்தாலும் போன் இவருக்குத்தான் வரும். இந்தத் தொழில் செய்கிறவன் லோடு ஆட்டோ வாங்குவான். இவர் வாங்கியது மிளகாய்ப் பழ நிறத்தில் ஒரு குட்டிக் கார். கோச்சடையில் ஒரு டாக்டர் ஓட்டியது. டர்போ எஞ்சின், பின்னால் இரட்டைப் புகைக்குழாய், மிதித்தால் முதுகு சீட்டோடு ஒட்டிக்கொள்ளும். வாங்கிய கையோடு மதுரையில் ஒரு பட்டறைக்குப் போய் நான்கு சக்கரத்துக்கும் குட்டை ஸ்பிரிங் மாட்டி, வண்டியை இன்னும் தரையோடு தாழ்த்தினார். வளைவில் சாயாது என்பது அவர் சொல்கிற காரணம். பார்க்க அம்சமாக இருக்கும் என்பது சொல்லாத காரணம்.

டிக்கியில் மோட்டாரை வைத்தால் வண்டியின் பின்பக்கம் உட்கார்ந்துவிடுகிறது. அதனால் மோட்டார் முன்சீட்டுக்கு வந்தது. அந்த எடையை ஆள் என்று நினைத்துக்கொண்டு, பெல்ட் போடச் சொல்லிக் கார் கத்தியது. முத்திருளன் மோட்டாருக்குப் பெல்ட் போட்டார். பாண்டீஸ்வரி பின்சீட்டுக்குப் போனார். அங்கே கால் நீட்ட இடமில்லை. டயர் ஒல்லி, ஸ்பிரிங் இறுக்கம். ரோட்டில் புளியங்கொட்டை கிடந்தாலும் இடுப்புக்குத் தெரியும்.

"கட்டுன பொண்டாட்டிக்கு இல்லாத மரியாதை கரிஞ்ச மோட்டாருக்கு" என்பார்.

கடைக்கு வருகிறவர்கள் முதலில் கேட்பது மைலேஜ். "அதக் கேக்குறவன் இத வாங்கக் கூடாது" என்பார் முத்திருளன். கேட்காதவர்களிடம் அவராகவே சொல்வார். அதில் பாதி பொய். ஞாயிற்றுக்கிழமை விடியலில் மட்டும் மோட்டாரை இறக்கிவைத்துவிட்டு அழகர்கோவில் ரோட்டில் தனியாக ஒரு ஓட்டம். "மூணாவது கியர்ல ஒரு மிதி. வாரம் பூரா மூக்குல ஏறுன வார்னிஷ் வாசம் அம்புட்டும் போயிரும்." அப்படித் திரும்பி வருகிற முகத்தைப் பாண்டீஸ்வரியும் பார்த்திருக்கிறார்.

தை மாதம் கார் வந்தது. மாசியில் மேடு வந்தது. இடையில் இவர் ஊருக்குள் ஓட்டிய ஓட்டம் அப்படி. ஒரு நாள் ஆடு குறுக்கே வந்தது. பிரேக் அடித்ததில் வண்டி அரைவட்டம் சுற்றி, இட்லிக் கடை செல்லத்தாயின் பெஞ்சுக்கு ஒரு முழம் தள்ளி நின்றது. ஆட்டுக்கும் ஒன்றுமில்லை, ஆளுக்கும் ஒன்றுமில்லை. முத்திருளன் இறங்கி டயரைப் பார்த்தார். ஊருக்கு ஆத்திரம் வந்தது அதில்தான்.

ஊர் யாருக்கும் மனு எழுதவில்லை. சாக்கடை வேலையில் மிஞ்சிய ஜல்லியையும் சிமெண்டையும் கொண்டுவந்து ரோட்டின் குறுக்கே கொட்டி மெழுகிவிட்டார்கள். அளவு பார்க்கவில்லை. பஸ் ஏறி இறங்கியது. டிராக்டர் ஏறி இறங்கியது. ஊரில் அதைத் தாண்ட முடியாத வண்டி ஒன்றே ஒன்றுதான். மினிபஸ் கண்டக்டர் அங்கே விசில் ஊதி, "முத்திருளன் மேடு எறங்கு" என்பார். உயிரோடு இருக்கும்போதே ஆளின் பெயரை மேட்டுக்கு வைத்தாயிற்று என்று செல்லத்தாய் இட்லியோடு சேர்த்துப் பரிமாறுவார்.

சில மாதம் சமாளித்தார். மனைவியையும் மோட்டாரையும் இறக்கிவிட்டு, வண்டியைக் கோணலாகத் திருப்பி, ஒவ்வொரு சக்கரமாக ஏற்றி இறக்கினார். ஆவணியில் ஆயில் சேம்பர் மேட்டில் இடித்து உடைந்தது. ரோடெல்லாம் எஞ்சின் ஆயில்.

"தீவாளிக்குள்ள ஒண்ணு அந்த மேடு போகணும், இல்ல இந்த வண்டி போகணும்" என்றார் பாண்டீஸ்வரி. "வித்துட்டு லோடு ஆட்டோ வாங்குவோம். நானும் முன்னால உக்காருவேன்."

முத்திருளன் மனு எழுதினார். வேகத்தடை எத்தனை சென்டிமீட்டர் இருக்கலாம் என்று போனில் தேடிக் குறித்து, அக்டோபர் இரண்டாம் தேதி கிராமசபையில் வைக்கச் சொல்லி, ஊராட்சிச் செயலர் அசோக்குமாரிடம் கொடுத்தார். அதுவரைக்கும் கார் பள்ளிக்கூடச் சுவரோரம்.

புரட்டாசியில் ஒரு காலை, சேம்பர் மாற்றிய வண்டியைப் பார்க்க முகமது ஆசிப் வருவதாகச் சொல்லியிருந்தார். தெற்குவாசலில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். அதே கார், நீல நிறம். இந்தக் கார் வைத்திருப்பவர்களின் வாட்ஸ்அப் குழுவில் பழக்கம். முத்திருளன் பள்ளிக்கூடத்தின் முன் ரோட்டோரம் நின்றார். ஒன்பது மணி ஆகப்போகிறது. பிள்ளைகள் வந்துகொண்டிருந்தார்கள்.

தூரத்தில் நீலமாக ஒரு புள்ளி தெரிந்தது. தெரிந்ததும் வந்துவிட்டது. கைலி காற்றில் அடித்தது. அவர் ஆசைப்பட்டு வாங்கிய அந்த உறுமல் அதற்குப் பிறகுதான் காதில் விழுந்தது. வண்டி மேட்டுக்கு முன்னால் கீச்சிட்டு நின்ற பிறகு பார்த்தால், அவருடைய இரண்டு கையிலும் இரண்டு பள்ளிக்கூடப் பைகள். பைகளோடு சேர்ந்து இரண்டு பிள்ளைகள். எப்போது பிடித்து இழுத்தார் என்று அவருக்கே தெரியவில்லை.

"எப்படிண்ணே சவுண்டு?" இறங்கி வந்தார் ஆசிப்.

"வண்டி போனதுக்கு அப்புறந்தான் மாப்ள சத்தமே வருது."

"அதானண்ணே அழகு."

"உள்ள உக்காந்திருந்தா அழகுதான்."

ஆசிப் குனிந்து சிவப்புக் காரின் அடியைப் பார்த்தார். "பழைய ஸ்பிரிங்கத் திருப்பி மாட்டுங்கண்ணே. மெதுவா ஏறி எறங்கிரும்."

"கைலியத் தூக்கிக்கிட்டு ஓடையத் தாண்டுறவன் மாதிரி நிக்கும் மாப்ள. அசிங்கம்."

அதற்குப் பிறகு தினமும் காலையில் கடைக்குக் கிளம்பும்போது, காரைத் திறந்து வைத்துக்கொண்டு மணியடிக்கும்வரை சுவரோரம் நின்றார். மேடு இருப்பது தெரிந்தவர்கள் மேட்டுக்கு முன்னால் வேகத்தைக் குறைத்தார்கள். பள்ளிக்கூடத்துக்கு முன்னால் யாரும் குறைக்கவில்லை. செங்கல் லாரி குறைக்கவில்லை. பக்கத்துத் தெரு ராம்கியின் பைக் குறைக்கவில்லை. பாண்டீஸ்வரி ஹார்ன் அடித்துக் கூப்பிட்டால்தான் வந்து ஏறுவார்.

கிராமசபை பள்ளிக்கூட வராண்டாவில் கூடியது. தெருவிளக்கு, குடிதண்ணீர், கொசு மருந்து எல்லாம் முடிந்து மனு வந்தது. அசோக்குமார் வாசித்து முடிக்கும் முன்பே செல்லத்தாய் எழுந்துவிட்டார்.

"கொறைங்க. நான் எங்கடைப் பெஞ்ச வீட்டுக்குள்ள போட்டுக்கிறேன். அவரு வண்டி போகட்டும், ஊரு ஒதுங்கி நிக்கட்டும்."

சிரிப்பு அடங்கியதும், "கொறைக்கணும்ங்கிறவங்க கையத் தூக்குங்க" என்றார் அசோக்குமார். ராம்கியும் கூட்டாளிகளும் தூக்கினார்கள். எல்லாரும் முத்திருளனைப் பார்த்தார்கள். அவர் கை மடியிலேயே கிடந்தது.

"அண்ணே, மனு ஒங்களுது."

முத்திருளன் எழுந்தார். "அந்த மேடு இருக்கட்டும் தம்பி. பள்ளிக்கூடத்துக்கு அங்கிட்டு இன்னொண்ணு போடணும். வாற வண்டி மேட்டுக்கிட்ட வந்துதான் நெதானிக்கிது. பிள்ளைக நிக்கிறது இங்க."

"இருக்குற மேட்டையே தாண்ட முடியல" என்றார் செல்லத்தாய். குரலில் பழைய காரம் இல்லை. "இன்னொண்ணு எதுக்குய்யா ஒனக்கு?"

பெண்கள் பக்கமிருந்து பாண்டீஸ்வரி கேட்டார். "அப்ப வண்டி?"

"பழைய ஸ்பிரிங்க மாட்டிர்றேன்."

"அசிங்கமா இருக்கும்னீங்க."

"இருக்கும்."

அசோக்குமார் தீர்மான நோட்டைப் புரட்டினார். "புது மேடு எம்புட்டு உசரம்ணே? இந்த வாட்டியாச்சும் அளவு எழுதுவோம்."

முத்திருளன் குனிந்து, உள்ளங்கையை விரித்துத் தரைக்கு மேலே பிடித்துக் காட்டினார். பழைய மேட்டின் உயரம்தான். ஊருக்கே தெரிந்த உயரம். அசோக்குமார் பேனா மூடியைக் கழற்றினார். அதற்குள் அந்தக் கை, யாரையும் பார்க்காமல், இரண்டு விரல் அளவுக்குக் கீழே இறங்கியது.