அம்மாவின் விஸ்கிக் கூழ்

எனக்கு ஏழு வயதாக இருந்தபோது, மதுவின் வாசனையைக்கூடக் கிட்ட நின்று அறியாத என் அம்மா, எங்கள் வீட்டில் உடுப்புத் தோய்க்கும் அறையான லோண்ட்ரியில் விஸ்கிக்குக் கூழ் காய்ச்சினார். வெள்ளிக்கிழமைகளில் முழுகி, திருநீறு பூசி, தேவாரம் பாடி முடித்த பிறகுதான் குசினிக்குள் சமைக்கப் போகிற அம்மா அவர்.

எழுபதுகளின் நடுப்பகுதி அது. மெல்பேர்னின் கிழக்கே, மலையடிவாரத்தில், த பேசின் என்ற ஊரில் ஒரு பழைய பலகை வீட்டில் வாடகைக்கு இருந்தோம். குளிர்காலக் காலைகளில் அங்கே மலை இருக்காது. வெள்ளைப் புகார்தான், மூடுபனிதான், இருக்கும். வெயில் ஏற ஏற யூக்கலிப்டஸ் மரங்கள் ஒவ்வொன்றாக வந்து தங்கள் தங்கள் இடத்தில் நின்றுகொள்ளும். பள்ளிக்கூட விடுமுறையில் நான் சன்னலோரம் இருந்து, இன்றைக்கு ஏதாவது ஒரு மரம் வராமல் விடுகிறதா என்று பார்த்துக்கொண்டிருப்பேன்.

அப்பா இருட்டோடு எழும்பி வேலைக்குப் போய்விடுவார். ஊரில் அவர் ஒரு சிமெந்துத் தொழிற்சாலையின் ஆய்வுகூடத்தில் இருந்தவர். இங்கே கார் உதிரிப்பாகங்களை அச்சில் அழுத்தி எடுக்கும் ஓர் இயந்திரத்தின் முன்னால் நின்றார். பின்னேரம் வந்து கதிரையில் இருந்தால் பிறகு எழும்பமாட்டார்.

“தேத்தண்ணி போடட்டோ?” என்று அம்மா கேட்பார்.

“ஓம்.”

“சாப்பிடுறீங்களோ?”

“பிறகு.”

இதற்கு மேல் அவர்கள் பேசி நான் கேட்டதில்லை. அப்பாமாரும் அம்மாமாரும் அப்படித்தான் என்று நினைத்திருந்தேன். அவர்களிடம் குறையாக எதையும் நான் கண்டதுமில்லை.

வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு வெள்ளைக்காரக் கிழவர் தனியாக இருந்தார். கோழி வளர்த்ததால் எனக்கு அவர் கோழி அங்கிள். இரண்டாம் உலக யுத்த காலத்தில் மெல்பேர்னில் தங்கியிருந்த ஓர் அமெரிக்கச் சிப்பாய், சோளத்தில் விஸ்கி செய்யும் முறையை அவருக்கு வாயால் சொல்லிக் கொடுத்துவிட்டுக் கப்பல் ஏறியிருந்தான். அந்த வாய்ச்சொல்லை நம்பி அங்கிள் முப்பது வருடமாக முயன்றுகொண்டிருந்தார். ஒவ்வொரு முறையும் கூழ் பசையாகி, புளித்து, வேலியோரம் கோழிகளுக்குப் போய்ச் சேர்ந்தது. கோழிகள் மட்டும் அவரில் நம்பிக்கை இழக்கவில்லை.

ஒருநாள் அம்மா உடுப்புக் காயப்போட்டுக்கொண்டு நிற்கும்போது அவர் ஒரு வாளி கூழைக் கொட்ட வந்தார். அம்மா எட்டிப் பார்த்தார். அம்மாவுக்குப் புத்தக ஆங்கிலம் நன்றாகத் தெரியும். ஆட்களோடு பேசுகிற ஆங்கிலம்தான் தொண்டையில் நின்றுவிடும். அன்றைக்கு நிற்கவில்லை. முளைவிட்ட பார்லியைக் கொதிக்கிற கூழுக்குள் போட்டால், மாவைச் சீனியாக்குகிற சத்து செத்துப்போகும், கூழை முதலில் ஆறவிட வேண்டும் என்று வேலிக்கு மேலால் விளங்கப்படுத்தினார். எவ்வளவு ஆற வேண்டும் என்பதையும் சொன்னார். அங்கிள் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார்.

அடுத்த கிழமை ஒரு சாக்கு உடைத்த சோளமும் கொஞ்சம் பார்லியும் எங்கள் வீட்டுக்கு வந்தன. எங்கள் லோண்ட்ரியில் துணி அவிக்கும் பெரிய செம்புக் கொப்பரை ஒன்று இருந்ததும், கீழே காஸ் அடுப்பு இருந்ததும் காரணம். பார்லியை அம்மா பயறு முளைகட்டுவதுபோல நனைத்து, ஈரச்சாக்கில் பரப்பி, முளை வந்ததும் ஹீற்றருக்கு முன்னால் உலர்த்தினார். தான் காய்ச்சப்போவது மதுவுக்கு என்று அவர் யோசித்ததாகவே தெரியவில்லை. அங்கே மா இருந்தது, அதைச் சீனியாக்க வேண்டியிருந்தது. அம்மாவுக்கு அவ்வளவுதான்.

கூழ் காய்ச்சிய நாளை நினைத்தால் எனக்கு இன்றும் நித்திரை வருவதுபோல இருக்கும். வெளியே புகார், உள்ளே ஆவி. இரண்டுக்கும் நடுவில் சன்னல் கண்ணாடி ஒன்று இருந்தது என்பதே மறந்துபோயிற்று. அம்மா சேலைக்கு மேல் அப்பாவின் கம்பளிச் சட்டையைப் போட்டுக்கொண்டு நீளத்தடியால் துழாவினார். அவித்த சோளத்தின் வாசம் என் தலைமயிருக்குள் வந்து குந்திக்கொண்டது. பார்லியைத் தூவிக் கொஞ்ச நேரத்தில், களிபோலக் கிடந்த கூழ் தானாக இளகித் தண்ணீராக ஓடத் தொடங்கியது. அம்மா எதையோ வாய்க்குள் பாடினார். தேவாரம் இல்லை. எனக்குத் தெரியாத பாட்டு.

பிறகு மருந்துப் பெட்டியிலிருந்து அயடீன் போத்தலை எடுத்து, வெள்ளைச் சோசர் தட்டில் ஒரு துளி கூழ் விட்டு, அதன்மேல் ஒரு துளி அயடீன் விட்டார். இரவு மாதிரி ஒரு கருநீலம் சோசரில் பூத்தது. இன்னொருமுறை செய்யச் சொன்னேன். அம்மா பொறுத்துப் பொறுத்துச் செய்தார். ஒவ்வொரு முறையும் நீலம் மங்கிக்கொண்டே போய், கடைசியில் வரவேயில்லை. எனக்கு அழுகை வந்தது.

“நீலம் வராட்டித்தானம்மா சரி. மா எல்லாம் சீனியாப் போச்சு,” என்று சொல்லி அம்மா ஒரு கரண்டி கூழை என் வாயில் வைத்தார். சீனி போடாத கூழ் பாயாசம் மாதிரி இனித்தது.

ஆறிய கூழைப் பெரிய பிளாஸ்ரிக் பீப்பாவுக்கு மாற்றி, ஈஸ்ட் கரைத்து விட்டு, கம்பளியால் சுற்றி வைத்தார். என் அறைக்கும் லோண்ட்ரிக்கும் ஒரே சுவர். படுத்தால் பீப்பா மெல்ல மெல்லக் கொப்பளிப்பது கேட்கும். யாரோ தண்ணீருக்கடியில் இருந்து கதை சொல்வதுபோல இருக்கும். கதை என்னவென்று பிடிபடுவதற்குள் நித்திரையாகிவிடுவேன்.

அப்பாவுக்கு எதுவும் தெரியாது. அம்மா ஒளிக்கவில்லை. அப்பா கேட்கவில்லை, அவ்வளவுதான். லோண்ட்ரிப் பக்கம் போகிற ஆளும் அவர் இல்லை.

சனிக்கிழமை பின்னேரம் அம்மாவையும் அப்பாவையும் ஊரிலிருந்தே தெரிந்த ஓர் அன்ரி எங்களைப் பார்க்க வந்தார். வந்து இருந்ததும் மூக்கைச் சுருக்கினார்.

“தோசைக்கு அரைச்சு வைச்சிருக்கிறீரோ? வீடெல்லாம் புளிச்ச மணம். இந்தக் குளிருக்கு எனக்கு ஒருநாளும் மா பொங்குறேல்லை. நீர் என்ன செய்யிறனீர்?”

“கம்பளியால சுத்தி வைக்கவேணும் அக்கா,” என்றார் அம்மா. “அடிக்கடி திறந்து பாக்கக்கூடாது.”

அதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. ஆனால் அப்பா தேத்தண்ணிக் கோப்பையை வைத்துவிட்டு அம்மாவை நிமிர்ந்து பார்த்தார். எங்கள் வீட்டில் தோசை சுட்டு மாதக்கணக்காகிவிட்டது.

அன்ரியின் கார் ஒழுங்கையைத் தாண்டியதும் அப்பா நேரே லோண்ட்ரிக்குப் போனார். அம்மா பின்னால் போனார். நான் அம்மாவின் பின்னால் போனேன்.

“என்ன இது?”

“சோளம்.”

“என்னத்துக்கு?”

“அடுத்த வீட்டு மனிசன்ரை விஸ்கிக்கு.”

அப்பா கம்பளியை விலக்கி மூடியைத் தூக்கினார். நுரை மெல்லச் சுழன்றுகொண்டிருந்தது. கவிழ்த்துக் கொட்டிவிடப்போகிறார் என்றுதான் நினைத்தேன். அம்மாவும் அப்படித்தான் நினைத்திருக்க வேண்டும். பீப்பாவின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

அப்பா குனிந்து வெகுநேரம் பார்த்தார். பிறகு கேட்டார்: “எத்தினை பாகையில வைச்சனீர்?”

“அறுபத்தைஞ்சு. முதல் கூடிப்போச்சு. பச்சைத்தண்ணி விட்டு இறக்கினனான்.”

“கூடினா எல்லாம் செத்திருக்குமே.”

“சாகேல்லை. பாருங்கோவன்.”

அப்பா விரலை விடப்போனார். அம்மா “ஐயோ, அந்தக் கையோட தொடாதேங்கோ!” என்று அவருடைய கையில் பட்டென்று அடித்தார். அப்பா ஏதோ மறுத்துச் சொன்னார். அம்மா அதை மறுத்தார். பாதி தமிழ், பாதி ஆங்கிலம், எனக்குத் தெரியாத நீளமான சொற்கள். அப்பா சட்டைக் கையை மடித்துக்கொண்டு பேசினார். அம்மா தண்ணீர்த் தொட்டியின் விளிம்பில் ஏறி இருந்துகொண்டு பேசினார்.

ஊரில் பல்கலைக்கழக ஆய்வுகூடத்தில் அவர்கள் இருவரும் அடுத்தடுத்த மேசைகளில் நின்று படித்தவர்கள் என்பதும், கலியாணத்துக்கு இரண்டு வீட்டாரும் சம்மதிக்கவில்லை என்பதும், நான் வளர்ந்து அன்ரி சொல்லித்தான் தெரியவந்தது. அந்தக் கூழ் விஸ்கியாக மாறியதா என்று இன்றுவரை தெரியாது. மற்ற நாள் அப்பாவும் அங்கிளும் வேலிப்பலகைகளைக் கழற்றி, பீப்பாவை ஆளுக்கொரு பக்கம் தூக்கிக்கொண்டு அந்தப் பக்கம் போனார்கள். அதற்குப் பிறகு நடந்தது அங்கிளுக்கும் அவருடைய கொட்டிலுக்குமே வெளிச்சம்.

ஆனால் அந்தச் சனிக்கிழமை எனக்குப் பசித்தது. அம்மாவின் சேலையை இழுத்துப் பார்த்தேன். ஒருவரும் கவனிக்கவில்லை. நான் வெளியே வந்து படியில் குந்தினேன். மலையைப் புகார் திரும்ப எடுத்துக்கொண்டிருந்தது. கோழி அங்கிள் தன் கூழைப் பார்க்க வாளியோடு வந்தார். உள்ளே சத்தம் கேட்டு நின்று, என்னவென்று என்னைக் கேட்டார்.

“They’re fighting,” என்றேன். அம்மா அப்பாவுக்கு அடித்ததையும் சொன்னேன்.

அங்கிள் சன்னலைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் காது கொடுத்து நின்றார். தமிழில் ஒரு சொல்கூடத் தெரியாத மனிதர். உள்ளே அம்மாவின் குரல் உயர்ந்தது, அப்பாவின் குரல் அதைத் துரத்திக்கொண்டு போனது. அங்கிள் வாளியின் கைபிடி கிணுங்காமல் அதை விரல்களால் பிடித்துக்கொண்டு, ஈரப் புல்லில் ஓசைப்படாமல் அடிவைத்து, கேற்றை மிக மெதுவாகச் சாத்திவிட்டுப் போனார்.

பாவம், நன்றாகப் பயந்துவிட்டார் என்று நினைத்துக்கொண்டேன்.