சிரிப்பு வக்கீல் விசாரித்த அம்மா

அவருக்குச் சிரிப்பு வக்கீல் என்று பெயர் வைத்தது யார் என்று தெரியாது. ஏன் வைத்தார்கள் என்பது மட்டும் ஊருக்கே தெரியும். எதிரே வருகிறவர் கடைக்காரரோ, தபால்காரரோ, முன்பின் பார்க்காத ஆளோ, யாராக இருந்தாலும் வக்கீல் முகம் மலரச் சிரிப்பார், தலையை ஒருமுறை ஆட்டி, "சௌக்கியமா?" என்பார். இவ்வளவு படித்தும் தலைக்கனம் இல்லாத மனுஷன் என்று பேர் வாங்கிவிட்டார்.

உண்மை வேறு. அவருக்கு முகம் மனதில் நிற்காது. சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். சட்டப் பிரிவுகள் நிற்கும், ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் கிடக்கும் நிபந்தனைகூட நிற்கும். ஆனால் மணிக்கணக்கில் எதிரே உட்கார்ந்து பேசிய ஆள், மறுநாள் தெருமுனையில் நின்றால் யாரோ எவரோ. குரலை வைத்தும் நடையை வைத்தும் ஒருமாதிரி பிடித்துக்கொள்வார். அதுவும் கைகொடுக்காத இடத்தில், எல்லோரையும் பார்த்துச் சிரித்துவைப்பதுதான் அவர் கண்டுபிடித்த வழி. தெரிந்தவரைப் பார்த்துச் சிரிக்காமல் போனால் மனக்கசப்பு. தெரியாதவரைப் பார்த்துச் சிரித்தால் யாருக்கு என்ன நஷ்டம்?

பெரிய சட்ட நிறுவனம் ஒன்றின் உள்ளறையில் ஒப்பந்தங்கள் எழுதிக்கொண்டிருந்தவரை இந்தக் குறை ஒன்றும் செய்யவில்லை. கட்சிக்காரர்களை வரவேற்பதும் கைகுலுக்குவதும் முன்னறைக்காரர்கள் பாடு. அவர் ஐம்பதை நெருங்கும் வயதில் அந்த நிறுவனம் இன்னொன்றோடு சேர்ந்து, உள்ளறை ஆட்களில் பாதிப் பேரை வீட்டுக்கு அனுப்பியபோதுதான் வந்தது வினை. சைக்கிள் கடைக்கு மேலே ஓர் அறை பிடித்து, பலகை மாட்டி, புது நாற்காலியில் உட்கார்ந்தார். ஃபேன் சுற்றியது. கீழே யாரோ டயருக்குக் காற்றடித்தார்கள். படியேறி ஒருவரும் வரவில்லை.

மனைவியின் தம்பி பெயின்ட் வியாபாரி. பேச்சையே மூலதனமாக வைத்து முன்னுக்கு வந்தவன். அவன் ஒருநாள் வந்து அறையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, எதிர் நாற்காலியில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்தான்.

"மாமா, வேலை தெரிஞ்சா மட்டும் போதாது. நாலு பேர் கூடுற இடத்துக்குப் போகணும், பழகணும். என்கிட்ட பெயின்ட் வாங்குறவன் என்ன டப்பாவத் திறந்து பாத்தா வாங்குறான்? என் மூஞ்சியப் பாத்து வாங்குறான்."

மூஞ்சி என்ற சொல்லைக் கேட்டதுமே வக்கீல் மேசைமேல் கிடந்த காகிதங்களை அடுக்க ஆரம்பித்தார்.

வழி சொன்னது மனைவி. மருந்துக் கடையில் வேலை. ஒரே ஒரு தடவை இருமல் மருந்து வாங்கிப் போனவரைக்கூட வருஷம் கழித்து அடையாளம் சொல்கிற கண் அவருக்கு. வணிகர் சங்கக் கூட்டங்களுக்குக் கணவரோடு அவரும் கிளம்பினார். ஆள் நெருங்குவதற்குள் முந்திக்கொண்டு, "வாங்க பேக்கரி சார், புது அடுப்பு எப்படி இருக்கு?" என்று சற்று உரக்கவே கேட்பார். வக்கீலுக்கு அந்த ஒரு நூல் போதும். பிடித்துக்கொண்டு ஏறிவிடுவார். கடைக் கட்டடத்தின் குத்தகை இந்த வருஷத்தோடு முடிகிறதல்லவா, சொந்தக்காரரிடம் பேசியாயிற்றா என்று கேட்பார். ஆளை மறப்பாரே தவிர, ஆள் சொன்னதை மறக்கமாட்டார். போகிறபோக்கில் சொன்னதை இந்த மனுஷன் இத்தனை அக்கறையாக நினைவில் வைத்திருக்கிறாரே என்று பேக்கரிக்காரர் நெகிழ்ந்துபோனார். அடுத்த வாரமே குத்தகைப் பத்திரத்தோடு படியேறி வந்தார். அவர் பின்னால் இயந்திர உதிரிபாகக் கடைக்காரர் வந்தார். அச்சகம் வந்தது. கடைசியாக, சாவிக்கொத்து குலுங்கச் சலவையம்மா வந்தார்.

சலவையம்மா என்றால் ஊரில் தெரியாதவர் இல்லை. ஓட்டல்களின் விரிப்பும் துண்டும் அவருடைய நிலையத்தில்தான் வெளுத்து, மடிந்து, வண்டியேறும். ஊரின் பெரிய ஓட்டல் அவரோடு போட்டிருந்த ஒப்பந்தத்தைப் பாதியில் முறித்திருந்தது. விரிப்புகளில் கறை போகவில்லை என்று காரணம் எழுதி அனுப்பியிருந்தார்கள். வேலை போனதைக்கூடச் சலவையம்மா பொறுத்துக்கொண்டிருப்பார். கறை என்ற சொல்லை அவரால் பொறுக்க முடியவில்லை. வழக்குப் போட்டுவிட்டார். சிரிப்பு வக்கீல் கையிலிருந்ததிலேயே பெரிய வழக்கு அதுதான். ஓட்டலுக்காக வந்த வக்கீல், கோர்ட்டில் எல்லோரும் ஒதுங்கி வழிவிடுகிற இரும்பு மேடம்.

அந்தச் சமயத்தில்தான் சங்கத்தின் ஞாயிற்றுக்கிழமை விருந்து வந்தது. மருந்துக் கடையில் மாற்று ஆளுக்கு உடம்பு சரியில்லை, மனைவியால் வர முடியவில்லை. எதிரே நிற்பவர் பேசும்வரை வாயைத் திறக்க வேண்டாம் என்று படித்துப் படித்துச் சொல்லி அனுப்பினார்.

வக்கீல் போனார், சிரித்தார், தலையாட்டினார். ஜன்னலோரம் ஒருவர் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு சாப்பிடாமல் தனியாக நின்றிருந்தார். அகலமான உடம்பு, இடப்பக்கம் சற்றே இறங்கிய தோள். உதிரிபாகக்காரர் என்று வக்கீலுக்கு மனதில் பட்டது. அவருடைய தாயார் குளியலறையில் விழுந்து இடுப்பு எலும்பு ஒடிந்து, அறுவைச் சிகிச்சை ஆகியிருந்தது வக்கீலுக்கு நினைவிருந்தது. மனைவி சொன்னது மறந்தேபோயிற்று.

"அம்மாவுக்கு இப்ப எப்படி இருக்கு? எழுந்து நடக்கிறாங்களா?" என்று கேட்டார்.

அந்த மனிதர் நிமிர்ந்து பார்த்தார். தட்டை ஜன்னல் மேடையில் வைத்தார். ஜலதோஷத்தில் கரகரத்த குரலில், கட்டிலைவிட்டு இறங்கவே பயப்படுகிறார் என்றார். அதற்கு மேல் அவரே கொட்டித் தீர்த்தார். ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்தே பல வாரம் ஓடிவிட்டது, தொழிலை எட்டிப் பார்க்கவில்லை, தினம் இருநூறு பேர் வந்துபோகிற இடத்தில் ஒருவர்கூட அம்மா எப்படி என்று கேட்கவில்லை. வக்கீல் தன் தாயார் இதேபோல் விழுந்து எழுந்த கதையைச் சொன்னார். பிடித்து நடக்கிற வாக்கரைக் கண்டாலே அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டதையும், கடைசியில் பக்கத்து வீட்டம்மாவோடு போட்டிபோட்டு நடந்ததையும் சொன்னபோது அந்த மனிதர் சிரித்தேவிட்டார். வீட்டுக்கே வந்து பயிற்சி கொடுக்கும் ஒரு பெண்ணின் எண்ணைத் தன் விசிட்டிங் கார்டின் பின்பக்கம் எழுதிக் கொடுத்தார் வக்கீல்.

அவர் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "உங்களுக்குப் பெரிய மனசு சார். நமக்குள்ள இப்படி ஒரு பிரச்சனை ஓடிக்கிட்டிருக்கு. அதெல்லாம் தள்ளி வச்சிட்டு வந்து அம்மாவக் கேட்டீங்களே. அந்த விரிப்பு விஷயம் நடந்தப்பகூட நான் ஆஸ்பத்திரியிலதான் இருந்தேன். மேனேஜர்தான்…"

விரிப்பு என்ற சொல்லில்தான் வக்கீலுக்கு ஆள் புரிந்தது. எதிரே நிற்பது ஓட்டல்காரர். இரும்பு மேடத்தின் கட்சிக்காரர். ஒரு தரப்புக்கு வக்கீல் இருக்கும்போது, அவரை விட்டுவிட்டு அந்தத் தரப்பு ஆளோடு வழக்கைப் பேசினால் தொழிலுக்கே ஆபத்து.

"சார், இதுக்கு மேல ஒரு வார்த்தை சொல்லாதீங்க. உங்க வக்கீல் இல்லாம நான் இதக் கேக்கக் கூடாது" என்றார். அதோடு நிறுத்தியிருக்கலாம். பெரிய மனசு என்று சொல்லிவிட்டாரே, அது முள்ளாகக் குத்தியது. "உண்மையச் சொல்லிடறேன். எனக்கு முகம் ஞாபகம் இருக்காது. உங்கள வேற ஒருத்தர்னு நெனச்சுத்தான் பேச ஆரம்பிச்சேன்."

ஓட்டல்காரர் கையிலிருந்த அட்டையை மறுபடி பார்த்தார். "அப்ப நீங்க கேட்டது எங்க அம்மாவ இல்லையா?"

"கேட்டது இன்னொருத்தர் அம்மாவ. அதுக்கப்புறம் பேசினதெல்லாம் உங்க அம்மாவுக்குத்தான்."

அவர் அட்டையைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

வீட்டில் மனைவி முழுக்கதையையும் கேட்டுவிட்டு முதலில் தலையில் அடித்துக்கொண்டார். பிறகு, நாளைக்குக் காலையில் முதல் வேலையாக இரும்பு மேடம், சலவையம்மா இரண்டு பேரிடமும் நீங்களே போய்ச் சொல்லிவிடுங்கள், யார் வாயிலாகவும் போகக் கூடாது என்றார். வக்கீலும் அதையேதான் நினைத்திருந்தார். நினைப்பதற்கும் படியேறுவதற்கும் நடுவேதான் தூரம் அதிகமாக இருந்தது.

இரும்பு மேடம் பேனாவை மூடிவைத்துவிட்டுக் கேட்டார். ஓட்டல்காரர் விரிப்பைப் பற்றி எதுவரை சொன்னார், எந்த இடத்தில் நிறுத்தினீர்கள் என்று குறுக்கு விசாரணை செய்தார். கேட்டு முடித்ததும் அவர் முகம் ஒருமாதிரி கோணியது. கோபம் என்று வக்கீல் பயந்தார். அது சிரிப்பு, அந்த முகத்துக்கு அது பழக்கமில்லாததால் வரத் தடுமாறியிருக்கிறது. "நேத்து சாயங்காலமே அவர் எனக்கு போன் பண்ணிச் சொல்லிட்டாரு. நீங்க வந்து சொல்றீங்களான்னுதான் பாத்துக்கிட்டிருந்தேன்" என்றார்.

சலவையம்மா அவ்வளவு லேசில் விடவில்லை. ஆவியும் இரைச்சலுமாக இருந்த நிலையத்தில், மடிப்பு மேசைக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு வக்கீலை வாங்கு வாங்கென்று வாங்கினார். எதிராளியோடு குலாவவா உங்களை வைத்தேன் என்றார். வழக்கை வேறு வக்கீலுக்குக் கொடுக்கப்போகிறேன் என்றார். அது அவருடைய உரிமை, காகிதங்களை இன்றைக்கே கட்டித் தருகிறேன் என்று வக்கீல் தலைகுனிந்து சொன்னதும் ஒரு விரிப்பை உதறி மடித்தார். இன்னொன்றை மடித்தார்.

"இருங்க தம்பி. அப்ப கடைத்தெருவுல என்னப் பாத்துப் பாத்துச் சிரிப்பீங்களே, அது?"

"யாரப் பாத்தாலும் சிரிப்பேன் அக்கா."

"இங்க மட்டும் எப்படி என்னக் கண்டுபிடிச்சீங்க?"

"சாவிச் சத்தம்."

சலவையம்மா இடுப்பிலிருந்த கொத்தைப் பார்த்துக்கொண்டார். சிரிப்பை அடக்கப் பார்த்து, முடியாமல், கையிலிருந்த விரிப்பால் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கினார். அருகிலிருந்த பெண்கள் முதலாளிக்கு என்ன ஆயிற்றோ என்று ஓடிவந்தார்கள்.

அந்த வாரமே இரும்பு மேடம், நால்வரும் உட்கார்ந்து பேசலாமா என்று முறைப்படி கேட்டு அனுப்பினார். மேசையில் ஓட்டல்காரர் தன் வக்கீலின் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு தானே சொன்னார்: தான் இல்லாத நேரத்தில் மேனேஜர் தன் மச்சானின் சலவைக் கடைக்கு வேலையைத் திருப்பிவிட்டிருக்கிறான், அதற்கு ஒரு சாக்கு வேண்டியிருந்தது, கறை என்று எழுதிவிட்டான். சலவையம்மாவுக்கு நஷ்டஈட்டைவிட அந்தச் சொல்லைத் திரும்பப் பெறுவது முக்கியம். தன் நிலையத்தில் துவைத்ததில் ஒரு குறையும் இல்லை என்று ஓட்டல் எழுதிக் கொடுக்க வேண்டும் என்றார். கொடுத்தார்கள். ஒப்பந்தமும் திரும்பி வந்தது. அம்மா விழுந்ததை ஒரு வார்த்தை எனக்குச் சொல்லியிருந்தால் நான் கோர்ட்டுக்குப் போயிருப்பேனா என்று சலவையம்மா கடிந்துகொண்டபோது, அந்தப் பெரிய ஓட்டல் முதலாளி பள்ளிக்கூடப் பிள்ளைபோல் தலையைக் கவிழ்த்துக்கொண்டார்.

கதை எப்படியோ கோர்ட் கேன்டீனுக்குப் போய், அங்கிருந்து ஊரெல்லாம் பரவிவிட்டது. இனி யார் என்னை நம்புவார்கள் என்று வக்கீல் மனம் உடைந்து உட்கார்ந்திருந்தார். நடந்தது நேர்மாறு. உதிரிபாகக்காரர் முதல் ஆளாக போன் செய்து, விசாரித்தது தன் தாயாரைத்தானே, அதற்கான பதிலைத் தானல்லவா சொல்ல வேண்டும், அவர் நன்றாக நடக்கிறார் என்று முறையாகத் தெரிவித்தார். படியேறி வருகிறவர்கள் கதவருகிலேயே நின்று, "நான் பேக்கரி", "நான் அச்சகம்" என்று தாங்களே சொல்லிக்கொண்டு நுழைந்தார்கள். தன் தவற்றைத் தானே போய்ச் சொல்கிற வக்கீல், நம் விஷயத்திலும் மறைக்கமாட்டார் என்று பேக்கரிக்காரர் வாடிக்கையாளர்களிடம் ரொட்டியோடு சேர்த்துக் கொடுத்தனுப்பினார். தன்னால் எடுக்க முடியாத வழக்கு ஒன்றை இரும்பு மேடமே அனுப்பிவைத்தார். ஓட்டல்காரரும் தன் ஒப்பந்தங்களை எழுதித் தரச் சொல்லி வந்தார். சலவையம்மா என் கட்சிக்காரர், அவர் சம்மதித்தால்தான் உண்டு என்றார் வக்கீல். சலவையம்மா சம்மதித்தார், ஒரு நிபந்தனையோடு: தனக்கும் ஓட்டலுக்கும் நடுவே உள்ள காகிதத்தை மட்டும் இவர் தொடக் கூடாது.

இதையெல்லாம் பார்த்த பெயின்ட் மச்சினனுக்குக் கை அரித்தது. தொழில் வளர இது நல்ல உத்தியாக இருக்கிறதே என்று, கடைக்கு வருகிறவர்களிடம் தனக்கும் முகம் நிற்பதில்லை என்று சொல்லிப் பார்த்தான். கேட்டவர்களில் பாதிப் பேர், போன மாதம் கடனுக்கு எடுத்த டப்பாக்களைப் பற்றி மூச்சுவிடாமல் புதிதாக வாங்கிக்கொண்டு போனார்கள். அவன் அக்காவிடம் வந்து புலம்பினான். அவர் சிரித்த சிரிப்பில், மருந்து வாங்க வந்தவர் சீட்டை நீட்டியபடியே நெடுநேரம் காத்திருக்க வேண்டியதாயிற்று.