மூன்று விரல்

என்னிடம் பல் காட்ட வருகிறவர் பாக்குப் போடுகிறவராக இருந்தால் நான் முதலில் செய்யச் சொல்வது ஒன்றுதான். வாயை அகலத் திறந்து, மூன்று விரல்களை ஒன்றன் கீழ் ஒன்றாக உள்ளே வைத்துப் பார்க்க வேண்டும். "உங்க விரலுங்க, உங்க சொந்த விரலு" என்று இரண்டு தடவை சொல்வேன். பிறத்தியார் விரலை யாராவது வாயில் விட்டுக்கொள்வார்களா என்று என் கிளினிக்கில் வேலை பார்க்கும் பெண்ணுக்குச் சிரிப்பு வரும். வந்தவர்களும் தலையாட்டிவிட்டுப் போவார்கள். ஜன்னல் வழியாகப் பார்த்தால் எதிர்க் கடையில் தொங்கும் பாக்குப் பொட்டலச் சரத்தில் ஒன்றைக் கிழித்துக்கொண்டிருப்பார்கள். பதினோரு வருடமாகச் சொல்கிறேன். விட்டவர்களை எண்ண எனக்கு ஒரு கை போதும். ஆனாலும் மறுநாள் வேறொருவரிடம் அதையே சொல்கிறேன். சொல்லாமல் இருக்க முடியாததற்குக் காரணம் என் சித்தப்பா.

அப்போது எனக்கு எட்டு வயது, மூன்றாம் வகுப்பு. காரைக்கால்மேட்டில் எங்கள் வீடு. அப்பா பஹ்ரைனில் மீன்பிடிக்கப் போயிருந்தார். வீட்டில் அம்மா, நான், இன்னும் கல்யாணமாகாத சித்தப்பா, மூன்று பேர்தான். சித்தப்பா விசைப்படகில் போவார். போனால் நாலு நாள், ஐந்து நாள் கழித்துத்தான் கரை. போட்டில் ஐஸ், டீசல், அரிசி, பருப்பு எல்லாம் ஏற்றும்போது கூடவே பாக்குச் சரமும் ஏறும். ஈரக் கையில் பீடி பற்றாது, வலை இழுக்கிறவன் கண்ணயரக் கூடாது, பசியும் தெரியக் கூடாது. அதற்கெல்லாம் கன்னத்தில் அடக்கிய ஒரு பொட்டலம் பாக்குதான் மருந்து என்பது கடலுக்குப் போகிறவர்கள் கண்ட வைத்தியம். "பொண்ணு பாக்கப் போறப்ப வாயத் தொறந்துடாதீங்க தம்பி" என்று அம்மா கேலி செய்வாள். சித்தப்பா அதற்கும் சிவந்த பல்லைக் காட்டித்தான் சிரிப்பார்.

எனக்குக் கடைவாய்ப் பல் சொத்தை. ஒரு நாள் கன்னம் வீங்கி நான் ஊரைக் கூட்டியதும், சித்தப்பாதான் சைக்கிளில் வைத்து காரைக்காலுக்குக் கூட்டிப்போனார். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் புதிதாக வந்திருந்த டாக்டரம்மா. என் பல்லைப் பிடுங்கிவிட்டு, அழாமல் இருந்ததற்கு என்னைப் பாராட்டிவிட்டு, சித்தப்பாவைப் பார்த்தார்.

"நீங்களும் கொஞ்சம் ஒக்காருங்க."

"எனக்கு ஒண்ணும் இல்லீங்கம்மா."

"ஒண்ணும் இல்லேன்னா சீக்கிரம் எந்திரிச்சிடலாம், ஒக்காருங்க."

சித்தப்பா உட்கார்ந்தார். டாக்டரம்மா அவரை மூன்று விரலை வாய்க்குள் வைக்கச் சொன்னார். கயிறு இழுத்துக் காய்த்த அந்த விரல்களில் இரண்டுதான் உள்ளே போயின, மூன்றாவது பல்லில் முட்டிக்கொண்டு நின்றது. டாக்டரம்மா டார்ச் அடித்துக் கன்னத்துக்குள் வெகுநேரம் பார்த்தார். உள்ளே தோல் கயிறு மாதிரி இறுகிக்கொண்டு வருகிறது, ஓர் இடத்தில் வெள்ளையாகப் படை இருக்கிறது, பாக்கை இன்றோடு விட்டால் இதோடு நிற்கும், விடாவிட்டால் புற்றுநோயில் கொண்டுபோய் விடும் என்றார். "கயிறுதானங்க, அவுத்து வுட்டுறலாம்" என்றார் சித்தப்பா. டாக்டரம்மா சிரிக்கவில்லை.

மீன்பிடித் தடைக்காலம் தொடங்க இரண்டு நாள்தான் இருந்தது. போட்டுகள் இரண்டு மாதம் கரையில் நிற்கும். பாக்கை நிறுத்த அதைவிட நல்ல நேரம் கிடையாது என்றார் டாக்டரம்மா. வாய் நமநமவென்றால் சோம்பு மெல்ல வேண்டும். வாய் நன்றாகத் திறப்பதற்கு ஐஸ் குச்சிகளை அடுக்கிப் பல்லுக்கிடையே வைத்து, வாரத்துக்கு ஒரு குச்சி கூட்ட வேண்டும். மாதம் ஒருமுறை வந்து காட்ட வேண்டும். பெரியவர்கள் பெரியவர்களுக்குச் சொன்னால் கேட்பதில்லை என்று அவருக்குத் தெரிந்திருந்தது போலும், ஒரு அட்டையில் கட்டம் போட்டு என் கையில் கொடுத்தார். ஒரு கட்டம் பாக்குப் போடாத நாளுக்கு, இன்னொன்று மூன்று விரலுக்கு.

"நீதான் டீச்சர். காலையில எந்திரிச்சதும் மூணு விரல வச்சுப் பாக்கணும். போனா டிக்கு, போகலேன்னா பெருக்கல். சரியா?"

பெருமையில் எனக்குத் தலைகால் புரியவில்லை. மறுநாள் விடிந்ததும் பென்சிலோடு சித்தப்பாவின் பாய் அருகே போய் நின்றேன். அவர் தன் விரல்களைச் சேர்த்து வாயருகே கொண்டுபோனார். கொண்டுபோன கை பாதியில் நின்றது.

"டீச்சர்தான வைக்கணும்? ஒன் வெரல வையி பாப்பா."

என் மூன்று விரல்களும் தாராளமாகப் போயின. டிக் போட்டேன். டாக்டரம்மா யாருடைய விரல் என்று சொல்லவில்லை, எனக்கும் விரலில் வித்தியாசம் உண்டு என்று தோன்றவில்லை. சித்தப்பாவுக்குத் தோன்றியிருக்கிறது. அவர் என்னை ஏமாற்றினார் என்று ரொம்ப காலம் கோபமாக இருந்தேன். இப்போது அப்படி நினைக்கவில்லை. தன் விரலை வைத்துப் பார்க்கப் பயந்திருக்கிறார். புயலிலிருந்து போட்டைத் திருப்பிக் கொண்டுவந்த மனிதர். அவருக்கு இப்படி ஒரு பயம் வரும் என்று எங்கள் வீட்டில் யார் நினைத்தோம்?

ஆனால் அந்த இரண்டு மாதம் அவர் நிஜமாகவே பாக்குப் போடவில்லை. அதை நான் யாரிடம் வேண்டுமானாலும் சொல்வேன். சட்டைப் பையில் சோம்போடு அலைந்தார், வலை பின்னும் இடத்தில் காரணமில்லாமல் சண்டை போட்டார், அம்மாவிடம் கூட எரிந்து விழுந்துவிட்டுப் பிறகு மன்னிப்புக் கேட்டார். ஜூனில் பள்ளி திறந்த அன்று, வருடா வருடம் செய்வது போல என்னைக் கதவு நிலையில் சாய்த்து நிறுத்தி, தலையில் ஸ்கேலை வைத்துப் பென்சிலால் கோடு போட்டார். அவர் வாயில் சோம்பு வாசம் அடித்தது.

பிறகு போட்டு கடலுக்குப் போனது, சரமும் ஏறியது. எட்டுப் பேர் வாயில் போட்டுக்கொண்டு வலை இழுக்கும்போது ஒருவர் மட்டும் சோம்பு மென்றுகொண்டு நிற்க முடியாது என்று இன்று எனக்குத் தெரியும். அன்று, அவர் கரைக்கு வந்ததும் நாலு நாள் கணக்கை மொத்தமாகக் கேட்பேன். "போட்டியா சித்தப்பா?" "இல்ல டீச்சர்." நாலு டிக். விரல் போகிறதா? போகிறது. டிக். ஐஸ் குச்சிகளை யாரும் தேடாததால் நான் அவற்றில் படகு செய்து விளையாடினேன். அட்டை நாள்காட்டிக்குப் பக்கத்தில் தொங்கியது. போகிற வருகிற உறவுக்காரர்களிடமெல்லாம் அம்மா அதைக் காட்டிப் பெருமைப்பட்டாள். "டாக்டர்கிட்ட போவலையா தம்பி?" என்று கேட்டால், "அட்டதான் சொல்லுதே அண்ணி" என்பார். அம்மாவும் அட்டையை நம்பினாள். நான் போட்ட டிக்கைத்தான் நம்பினாள்.

ஐப்பசி மழையில் ஒரு நாள் காலை என் மூன்றாவது விரல் உள்ளே போகவில்லை. திருப்பித் திருப்பி வைத்துப் பார்த்தேன். பெருக்கல் போடப் பென்சிலை எடுத்தேன். சித்தப்பா என் கையைப் பிடித்து விரித்துப் பார்த்தார்.

"அடேயப்பா! ஒன் வெரலு வளந்துபோச்சு பாப்பா. அப்பறம் எப்புடிப் போவும்?"

நான் நம்பவில்லை. உடனே என்னைக் கதவு நிலைக்குத் தூக்கிக்கொண்டு போய் நிறுத்தினார். ஸ்கேலைப் பிடித்தார், இந்தத் தடவை அது தலையில் அழுந்தவில்லை, கோடு போட்டார். திரும்பிப் பார்த்தால் ஜூன் மாதக் கோட்டுக்கு மேலே நாலு விரல் உயரத்தில் புதுக் கோடு! ஐந்து மாதத்தில் இவ்வளவு வளர்ந்திருக்கிறேன் என்று எனக்கு ஒரே சந்தோஷம். வளர்ந்த விரலுக்கு இரண்டு போதும் என்று சித்தப்பா சொன்னார். நியாயமாகப்பட்டது. டிக் போட்டேன். அன்று பள்ளியில் எல்லோரிடமும் என் உயரத்தைச் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

அடுத்த வாரம் இன்னொரு பல்லுக்காக அம்மா என்னை டாக்டரம்மாவிடம் கூட்டிப்போனாள். நான் அட்டையை மறக்காமல் எடுத்துப்போனேன். அதைப் பார்த்ததும் அவர் முகமெல்லாம் சிரிப்பு.

"வெரி குட். இப்பவும் மூணு விரல் போகுதா?"

"இல்ல டாக்டர், ரெண்டுதான் போவுது. என் வெரலு வளந்துபோச்சுல்ல, அதான்."

டாக்டரம்மா என் கையை எடுத்தார். மூன்று விரல்களையும் சேர்த்துத் தன் உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். "இந்த விரலாம்மா வச்சே?" என்று கேட்டார். ஆமாம் என்றேன் பெருமையாக. "யாரு விரல்னு நான் சொல்லாம வுட்டுட்டேனே" என்று அம்மாவிடம் சொன்னார். என்னை வெளியே உட்காரச் சொன்னார்கள். உள்ளே என்னைப் பாராட்டிப் பேசுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டு பெஞ்சில் காலாட்டிக்கொண்டிருந்தேன். வெளியே வந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டை நோக்கி வேகமாக நடந்தாள்.

அன்று சாயங்காலம் அம்மா சித்தப்பாவிடம் அழுதாள். "இந்த ஒரு தடவ போயிட்டு வந்துர்றேன் அண்ணி, வந்ததும் போவோம்" என்றார். வந்தார், அடுத்த தடவை என்றார். பொங்கலுக்கு அம்மா செய்த சர்க்கரைப் பொங்கலை அவரால் வாயில் வைக்க முடியவில்லை, எரிகிறது என்று தட்டைத் தள்ளி வைத்தார். அதன் பிறகுதான் பாண்டிச்சேரி பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார்கள். கன்னத்தை வெட்டி எடுத்தார்கள். ஒரு முறை என்னையும் கூட்டிப்போய்க் காட்டினார்கள். கட்டுப் போட்ட முகத்தோடு, பேச முடியாமல், என்னைப் பார்த்து மூன்று விரலை நீட்டினார். நானும் மூன்று விரலை நீட்டினேன். பக்கத்துக் கட்டில்காரர்கள் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

போட்டுகள் மறுபடியும் கரையில் நின்ற தடைக்காலத்தில், மே மாதக் கடைசியில், சித்தப்பா இறந்தார். எல்லோரும் கரையில் இருந்ததால் ஊரே வந்திருந்தது. நான் அழவில்லை. அழாத பிள்ளை என்று உறவுக்காரர்கள் என்னைப் பற்றித் தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள்.

ஜூனில் பள்ளி திறந்தது. அன்று காலை கோடு போட ஆளில்லை. நானே கதவு நிலையில் சாய்ந்து நின்று, தலையில் ஸ்கேலை வைத்துப் பிடித்துக்கொண்டு மெல்ல நழுவி வெளியே வந்து பார்த்தேன். ஐப்பசியில் சித்தப்பா போட்ட கோடு ஸ்கேலுக்கு மேலே இரண்டு விரல் உயரத்தில் இருந்தது. மறுபடி நின்றேன். முதுகை நிமிர்த்தியும் பார்த்தேன். எட்டவில்லை.

அங்கேயே உட்கார்ந்து சத்தம் போட்டு அழுதேன். அடுப்படியிலிருந்து அம்மா ஓடிவந்தாள். அந்தக் கோட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், அவளும் உட்கார்ந்து என்னை இறுக்கிக் கட்டிக்கொண்டாள். "அழுதுடு பாப்பா, சித்தப்பாவ நெனச்சு அழுதுடு" என்றாள்.

நான் குள்ளமாகிவிட்டேன் என்றுதான் அழுதுகொண்டிருந்தேன்.