எருவுக்குள் பழுத்த இதரைக்குலை

அந்த வாழைக்குலையை எருக்குவியலுக்குள் தாட்டுப் புதைத்தது நான்தான். மறுக்கவில்லை. ஆனால் அடி முழுவதும் எனக்கே விழுந்தது பெரிய அநியாயம்.

அக்கராயனில் எங்களுக்குக் காணி கிடைத்த புதிது. இளம் விவசாயப் போதனாசிரியர் ஒருவர் சைக்கிளில் வந்து, வைக்கோல், சாணி, பச்சைக் குழை எல்லாவற்றையும் அடுக்கித் தண்ணீர் தெளித்து மூடினால் குவியல் தானாகவே கொதிக்கும் என்று அப்பாவுக்குக் காட்டிக்கொடுத்தார். கிழமைக்கொருமுறை அதைப் புரட்டிப் போடுவது அக்காவின் வேலை. விடியற்காலையில் ஆவி பறக்கும்போது அப்பா பக்கத்துக் காணிக்காரரைக் கூப்பிட்டுக் காட்டுவார்.

அப்போதுதான் வவுனியாவிலிருந்து அக்காவைப் பெண் பார்க்க வருவதாகச் சேதி வந்தது. அதுவும் மறுநாளே! வெட்டிவைத்த இதரை வாழைக்குலை பச்சையாகக் கிடந்தது. குழி வெட்டிப் புகை போட்டாலும் மூன்று நாளாவது வேண்டும்.

"வாற சனத்துக்குப் பழம் வைக்காமல் என்னெண்டு முகத்தில முழிக்கிறது?" அம்மா அழாக்குறை.

அக்கா என்னை வீட்டுக்குப் பின்னால் கோடிப்புறம் கூட்டிப்போனாள்.

"எருவைப் பார், புகையுதெல்லே? உள்ளுக்குத் தாட்டால் விடியப் பழுத்திடும். அம்மாட்டச் சொல்லாத. பழுத்தாப்பிறகு காட்டி நல்ல பேர் வாங்கு."

நல்ல பேரென்றால் விடுவேனா?

மறுநாள் மாப்பிள்ளை வீட்டார் கதிரைகளில் இருந்ததும், குலையைத் தோண்டியெடுத்து, இரு கையாலும் இழுத்துவந்து சபை நடுவே போட்டேன்.

"அம்மா, பழுத்திட்டுது!"

பழுக்கவில்லை, அவிந்திருந்தது. தோல் கறுத்துக் கூழாகிச் சாணி மணத்தது. மாப்பிள்ளையின் தாய் சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்தினார். "அப்ப நாங்கள் வாறம்" என்று எழும்பியவர்கள் தேத்தண்ணியைக்கூடத் தொடவில்லை. சம்பந்தம் அத்தோடு முடிந்தது.

அம்மா பூவரசந்தடி முறித்தார். "பாவம், அவளுக்கென்ன தெரியும்" என்று அக்காதான் குறுக்கே வந்து மறித்தாள். பிறகு தழும்புகளுக்குத் தேங்காயெண்ணெய் பூசிவிட்டாள். பூசும்போது அவளுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. என்மேல் எவ்வளவு பாசம் என்று உருகிப்போனேன்.

அதன்பிறகு போதனாசிரியர் எருவின் சூடு பார்க்கவென்று நாள்தோறும் வந்தார். குவியலில் குத்திவைத்த அலவாங்குக் கம்பியை அக்கா உருவிக் கொடுப்பாள். இருவரும் அதைத் தொட்டுத் தொட்டுப் பார்ப்பார்கள். சூடெல்லாம் ஆறி, அப்பா எருவை அள்ளித் தோட்டத்துக்குப் போட்ட பிறகும் அவர் வந்துகொண்டேயிருந்தார். எரு முடிந்துபோனதுகூடத் தெரியாத மனிசனுக்கு யார் உத்தியோகம் கொடுத்தார்கள் என்று எனக்கு விளங்கவேயில்லை.