பின்னால் நிற்கிறவள்

கேரவன் என்றதும் சினிமா நடிகர்கள் ஏசி போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பெரிய வண்டியை நினைத்துக்கொள்ள வேண்டாம். எங்கள் அத்தானுடையது, ஜீப்புக்குப் பின்னால் கொக்கியில் மாட்டி இழுத்துக்கொண்டு போகிற ஒரு தகர வீடு. உள்ளே இரண்டு படுக்கை, சுவரோடு மடங்கும் ஒரு மேசை, ஒற்றை அடுப்பு, நாலு தம்ளர் கழுவினால் நிரம்பிவிடும் ஒரு தொட்டி. குடும்பத்தில் எல்லோருக்கும் அது 'டப்பா'. அத்தான் மட்டும் அதை 'நம்ம வீடு' என்பார். நாங்கள் குடியிருக்கும் நிஜ வீட்டுக்கு 'அந்த வீடு' என்று பெயர்.

டப்பாவை முன்னால் இழுத்துப் போக யாராலும் முடியும். பின்னால் தள்ளி நிறுத்துவதில்தான் இருக்கிறது விஷயம். ஸ்டியரிங்கை வலப்பக்கம் ஒடித்தால் டப்பா இடப்பக்கம் போகும். ஓட்டுகிறவருக்கு டப்பாவின் முதுகுக்குப் பின்னால் ஒன்றும் தெரியாது. அதனால் ஒருவர் அங்கே, பக்கவாட்டுக் கண்ணாடியில் தெரிகிற மாதிரி நின்று கை காட்ட வேண்டும். ஒரு கையை ஆட்டினால் வா. இரண்டு உள்ளங்கையையும் தூக்கினால் நில். அந்த இடத்தில் எப்போதும் நிற்பவள் என் அக்கா. பல வருஷம் அதைப் பார்த்து நான் கேலி செய்துகொண்டிருந்தேன். கடைசி வருஷத்தில், அவள் செருப்பை மாட்டிக்கொண்டு பின்பக்கம் நடந்தாலே என் கேலி நின்றுபோகும். ஓட்டுகிறவருக்கு மறதி நோய் வந்திருந்தது. அது அக்காவுக்குத் தெரியும், எனக்குத் தெரியும், அவருக்குத்தான் நினைவில் நிற்கவில்லை.

முதலில் அத்தானைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். டவுன் பஸ் ஓட்டியவர். வாயில் விரலை வைத்தால் கடிக்கத் தெரியாது என்று சொல்வார்களே, அந்த ரகமில்லை. பஸ்ஸுக்குக் குறுக்கே வந்தவனின் மூன்று தலைமுறையை ஒரே மூச்சில் விசாரிப்பார். ஆனால் வேலைக் காலம் முழுவதும் ஒரு கோழிக்குஞ்சின் மேல்கூடச் சக்கரம் ஏற்றியதில்லை. அதற்குக் காரணம் தன் திறமை இல்லை, கண்டக்டரின் விசில்தான் என்பார். "பின்னாடி நிக்கிறவன நம்பணும். நம்பாதவன் பஸ் ஓட்டக்கூடாது, ஆட்டோ ஓட்டலாம்."

ஓய்வு பெற்றதும் அந்தப் பழைய டப்பாவை வாங்கினார். எல்லோரும் எங்கே எங்கேயோ போகப்போகிறார் என்று நினைத்தோம். ஒரு மணி நேரத்துக்கு அப்பால் அவர் போனதே இல்லை. மலையடிவாரம், பைன் தோப்பு, ஏரிக்கரைத் திடல், அவ்வளவுதான். "ரெண்டு நாள் ஓட்டிட்டுப் போயி, அலுப்புல ரெண்டு நாள் தூங்கிட்டு, திரும்ப ரெண்டு நாள் ஓட்டிட்டு வர்றதுக்குப் பேரு லீவா? அதுக்குச் சம்பளம் வாங்கிட்டுச் செஞ்சப்பவே எனக்குப் பிடிக்கல."

உண்மையைச் சொன்னால், அந்தப் பக்கத்து ஊர் விடுமுறைகளைப் போல் சுகம் எனக்கு வேறெதிலும் கிடைத்ததில்லை. நான் கல்யாணம் பண்ணிக்கொள்ளாதவள். அவர்கள் வீட்டு மாடியில் இருக்கிறேன், மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் சோதிக்கும் வேலை. சனிக்கிழமை கடையைப் பூட்டியதும் டப்பாவில் ஏறிவிடுவேன். மடக்குத் துணி நாற்காலி மூன்றைத் தண்ணீரைப் பார்த்துப் போட்டுக்கொள்வோம். அத்தான் தேநீர் போடுவார். அதே வெயில், அதே காற்று, ஆனால் அழைப்பு மணி கிடையாது. ஒரு தடவை இஸ்திரிப் பெட்டியை அணைத்தோமா என்று அக்காவுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. அத்தான் கொக்கியைக் கழற்றி, ஜீப்பில் வீட்டுக்குப் போய்ப் பார்த்துவிட்டு, வழியில் பன்னும் வாங்கிக்கொண்டு வந்தார். நாங்கள் இடுப்பு வலிக்கச் சிரித்தோம். "வெளியூர் போனவன் இப்படி வந்து பாத்துட்டுப் போவானா?" என்று கேட்டு, ஏதோ பரிசு வாங்கியவர் போல உட்கார்ந்திருந்தார்.

போன வருஷத் தொடக்கத்தில்தான் முதல் அறிகுறி. மலையடிவாரத்துக்குக் கிளம்பினோம். கடைத்தெருவில் ஒரு பஸ் நிறுத்தத்தில் ஜீப்பை ஓரம் கட்டி நிறுத்தினார். யாருக்கோ காத்திருக்கிறார் என்று நினைத்தோம். நிழற்குடையில் நின்றவர்கள் எங்களைப் பார்த்தார்கள், நாங்கள் அவர்களைப் பார்த்தோம். கொஞ்ச நேரம் கழித்து அவராகவே கியர் போட்டுக் கிளம்பினார். "ஏங்க, டிக்கெட் எல்லாம் ஏறியாச்சா?" என்று அக்கா கேட்டாள். அவரும் சிரித்தார். ஆனால் எங்களுக்குக் கொஞ்சம் பின்னால்தான் சிரித்தார்.

அப்புறம் ஒரு நாள் பைன் தோப்புக்குப் போகிற பாதையை விட்டுவிட்டு நேரே பஸ் டிப்போ வாசலில் டப்பாவோடு போய் நின்றார். இன்னொரு நாள் என்னைப் பார்த்து, எப்போதும் கூப்பிடுகிற 'கண்ணாடி' என்ற பட்டப்பெயர் வராமல் வாயைத் திறந்து திறந்து மூடினார். பார்வைக் கோளாறாக இருக்கட்டும் என்று நான் வேண்டிக்கொண்டேன். கடைக்கு இழுத்துப் போய், நாற்காலியில் உட்காரவைத்து, ஒரு கண்ணை மூடி எழுத்துகளைப் படிக்கச் சொன்னேன். கடைசி வரி வரை தடங்கலில்லாமல் படித்தார். அந்த வயதில் அப்படிப்பட்ட கண்ணை நான் பார்த்ததில்லை. எனக்கு அப்போதுதான் பயம் வந்தது.

ஆனால் இனித் தள்ளிப்போட முடியாது என்று காட்டியது மழைக்காலம் முடிந்தபின் ஏரிக்கரையில் நடந்த சம்பவம். அத்தான் ரிவர்ஸ் எடுக்கிறார். அக்கா பின்னால் நின்று கையை ஆட்டுகிறாள். இடம் சரியானதும் இரண்டு உள்ளங்கையையும் தூக்கினாள். வண்டி நிற்கவில்லை. உறுமிக்கொண்டு வேகமாகப் பின்னால் வந்தது. அக்கா துள்ளிப் பக்கத்தில் விழுந்தாள். டப்பாவின் முதுகு தண்ணீர்க் குழாய்க் கம்பத்தில் மோதி நசுங்கி, எஞ்சின் அணைந்துபோனது. அத்தான் இறங்கி ஓடிவந்தார். முகத்தில் ஈயாடவில்லை. "மிதிச்சேனே. பிரேக்கத்தான மிதிச்சேன்?"

"மிதிச்சீங்க. ஈரத் தரை, வழுக்கிடுச்சு" என்றாள் அக்கா, முழங்கையில் வழிந்த ரத்தத்தைப் புடவையால் மறைத்துக்கொண்டு.

தரை காய்ந்துபோய்க் கிடந்தது. அவர் பிரேக்குக்குப் பதிலாக எதை மிதித்தார் என்று மூன்று பேரில் இரண்டு பேருக்குத் தெரியும்.

மறுநாள் சமையலறையில் அக்காவைப் பிடித்துக்கொண்டேன். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்பாள். அன்று மூக்கையும் தாண்டி வந்தது.

"சாவியப் பிடுங்கி வை. இல்லேன்னா நான் பிடுங்குவேன்."

"டாக்டர்கிட்ட முன்னாடியே காட்டிட்டேன்டி" என்றாள், வெங்காயத்திலிருந்து கண்ணை எடுக்காமல். "வண்டியத் தொடக்கூடாதுன்னுதான் சொன்னாரு. அவர் முன்னாடியேதான் சொன்னாரு."

"அப்புறம் என்ன?"

"அழுதாரு. வீட்டுக்கு வந்து டப்பாவுக்குள்ள போயி உக்காந்துகிட்டு, சாயங்காலம் வரைக்கும் அழுதாரு. காலையில எந்திரிச்சு, 'ஏரிக்குப் போலாமா'ன்னு கேட்டாரு. மறந்துட்டாரு. திரும்பச் சொன்னேன். அதே மாதிரி, அன்னிக்குத்தான் கேக்குற மாதிரி, திரும்ப அழுதாரு." கத்தியை வைத்துவிட்டாள். "எத்தன தடவடி சொல்றது? ஒவ்வொரு தடவையும் அவருக்கு அதுதான் முதல் தடவை. என்னால முடியல."

"ஜீப்ப வித்துடு."

"வாசல்ல காணோம்னு தெருத் தெருவாத் தேடிக்கிட்டு அலைவாரு. அதையும் நான் தினம் பாக்கணுமா?"

"அதுக்காகச் சாவியக் கையில குடுக்கறதா? ரோட்டுல சின்னப் பசங்க சைக்கிள்ல போகுதுங்க அக்கா."

"நான் பக்கத்துல உக்காந்து வழி சொல்றேன். தூரமாவும் போறதில்ல. மலைக்குப் போறத நிறுத்திட்டேன், தோப்பையும் நிறுத்திட்டேன். ஏரி மட்டுந்தான். பத்து நிமிஷம்."

"நீ பக்கத்துல இருந்தா நீ என்ன பிரேக்கா? பின்னாடி போயி நிக்கிறியே, அதுக்கு என்ன சொல்ற?"

அவள் கத்தியைத் திரும்ப எடுத்துக்கொண்டாள். "நான் போயி நிக்கலேன்னா, ஏன் நிக்கலேன்னு கேப்பாரு" என்றாள். அந்தப் பதிலைக் கேட்டு அவளை அறையலாமா, கட்டிக்கொள்ளலாமா என்று எனக்குத் தெரியவில்லை. இரண்டையும் செய்யாமல் மாடிக்குப் போய்விட்டேன். அடுத்த சனிக்கிழமை, கடைக்கு அரைநாள் லீவு சொல்லிவிட்டு, அவர்களோடு கிளம்பினேன். அக்காவைப் பின் இருக்கைக்கு அனுப்பிவிட்டு முன்னால் அத்தான் பக்கத்தில் நான் உட்கார்ந்தேன். இன்றைக்கு அவரிடம் நானே சொல்லிவிடுவது, அவர் அழுதால் அழட்டும், அதுதான் என் திட்டம்.

போகிற வழியில் ஒன்றும் நடக்கவில்லை. அதுவே என்னைப் பயமுறுத்தியது. சிக்னலில் நின்றார், வளைவில் மெதுவாகப் போனார், பள்ளத்தைப் பார்த்து ஒதுக்கினார். பள்ளி மைதானத்தைத் தாண்டும்போது ஒரு பந்து உருண்டு வந்தது. பந்துக்குப் பின்னால் ஒரு பிள்ளை வரும் என்று முன்கூட்டியே நிறுத்தினார். வந்தது. "பாத்தியா கண்ணாடி?" என்றார். பட்டப்பெயர் சரியாக வந்தது. அக்கா பின்னாலிருந்து என் தோளை இடித்தாள், பார்த்தாயா என்கிற மாதிரி. நானே ஒரு நிமிஷம் மனசு மாறினேன்.

திடலில் நல்ல கூட்டம். எங்கள் வழக்கமான இடத்துக்கு ஒரு பக்கம் ஒரு கூடாரம், அதன் வாசலில் இரண்டு குழந்தைகள் மண்ணில் விளையாடிக்கொண்டிருந்தன. இன்னொரு பக்கம் ஏரி. அத்தான் ஜீப்பை முன்னால் கொண்டுபோய் நேராக நிறுத்தினார். அக்கா இறங்கினாள். குழந்தைகளைத் தூரப் போகச் சொல்லிவிட்டு டப்பாவுக்குப் பின்னால் போனாள். பக்கவாட்டுக் கண்ணாடியில் அவள் தெரிந்தாள். புடவை முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, கையை ஆட்டினாள்.

அத்தான் ரிவர்ஸ் கியரைப் போட்டார். கண்ணாடியைப் பார்த்தார். கிளட்ச்சில் காலை வைத்தபடி அப்படியே இருந்தார். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. அவள் திரும்பத் திரும்பக் கையை ஆட்டினாள்.

"என்ன அத்தான்?"

"யாரோ ஒரு அம்மா நடுவுல நிக்குறாங்க. தள்ளிக்கச் சொல்லு."

அக்கா கொஞ்சம் பார்த்துவிட்டு, ஏதோ பிரச்சினை என்று ஜன்னலுக்கு வந்தாள். "ஏங்க, ஏன் நிறுத்திட்டீங்க?"

அத்தான் அவளைப் பார்த்து, பஸ்ஸில் வயதானவர்களிடம் பேசுகிற மரியாதையோடு சொன்னார்: "கொஞ்சம் ஓரமா நில்லுங்கம்மா. அடிபட்டுடும். எங்க வீட்டுக்காரி வரணும், வந்து கை காட்டினாத்தான் நான் எடுப்பேன்."

அக்கா ஜன்னல் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. அவர் முகத்தை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"சாவிய எடுத்துடு" என்றாள்.

நான் கைபிரேக்கை இழுத்தேன். சாவியைத் திருப்பி உருவிக்கொண்டேன். எஞ்சின் நின்றது. அத்தான் அதைக் கவனிக்கவில்லை, கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தார், அவள் எங்கேயிருந்து வருவாள் என்று. அந்த நேரத்தில் நான் சொல்லியிருக்க வேண்டும். தயார் செய்து வைத்திருந்த வார்த்தை ஒன்றுகூட வரவில்லை. என் மேல் எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை.

"நான்தாங்க" என்றாள் அக்கா. "வந்துட்டேன்."

அவர் திரும்பினார். இந்தத் தடவை அந்தக் குரலைக் கேட்டதும் முகம் தெளிந்தது. "எங்கடி போன? எவ்வளவு நேரம் நிக்கிறது? போ, பின்னாடி போ."

அவள் போனாள். என் மூடிய கைக்குள் சாவி இருக்கிறது என்று தெரிந்துதான் போனாள். பழைய இடத்தில், டப்பாவின் முதுகுக்கு ஒரு கை தூரத்தில் நின்று, கையை ஆட்டினாள். அத்தான் ஸ்டியரிங்கை மெதுவாக ஒடித்தார். அது பழைய ஜீப், சாவி இல்லாவிட்டாலும் ஸ்டியரிங் திரும்பும். அவள் இன்னும் வா, இன்னும் வா என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். பக்கத்துக் கூடாரத்துக் குழந்தைகள் விளையாட்டை விட்டுவிட்டு, நகராத வண்டியைக் கூப்பிடுகிற அந்த அம்மாளை வேடிக்கை பார்த்தன. அவள் ஒரு தடவை பின்னால் திரும்பி, இடம் இருக்கிறதா என்றுகூடப் பார்த்துக்கொண்டாள்.

பிறகு இரண்டு உள்ளங்கைகளையும் தூக்கினாள்.

நான் அத்தானின் காலைப் பார்த்தேன். வலது கால் உடனே, ஒரு நொடியும் தாமதிக்காமல், ஆக்சிலரேட்டரைத் தரையோடு தரையாக மிதித்தது. முழு பலத்தோடு மிதித்து, அப்படியே வைத்திருந்தார்.

"நின்னுடுச்சா?" என்று கேட்டார்.

"நின்னுடுச்சு அத்தான்" என்றேன்.