தங்கச்சிமடத்துக்குப் போன கேமிங் கம்ப்யூட்டர்

பழைய கம்ப்யூட்டர் வியாபாரத்தில் அதிர்ச்சி சரக்கோடு சேர்ந்தே வரும். வாங்குகிறவருக்கு வீட்டுக்குப் போனபிறகு கிடைக்கும், விற்கிறவனுக்குக் கடையிலேயே கிடைத்துவிடும். ராமநாதபுரம் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் கடை வைத்திருக்கும் எனக்கு, இந்த ஆண்டு மீன்பிடித் தடைக்காலத்தில் ஒரே ஒரு கம்ப்யூட்டரால் கிடைத்தவற்றை மட்டும் சொல்கிறேன். கையில் இருந்த பணத்துக்குப் பழையது ஒன்றை வாங்கி வைத்துக்கொண்டு, இது எப்போது நிற்குமோ என்று அதன் முகத்தையே பார்த்தபடி உட்கார்ந்திருக்கும் அன்பர்களுக்கு என் வேதனை புரியும்.

விளக்குப் பெட்டி

அது மதுரையிலிருந்து வந்த கேமிங் கம்ப்யூட்டர். சொந்தக்காரர் புதிது வாங்கிக்கொண்டு இதை என்னிடம் தள்ளிவிட்டார். ஒரு பக்கம் முழுக்கக் கண்ணாடி. உள்ளே மூன்று காற்றாடிகள் சிவப்பு, பச்சை, நீலம் என்று நிறம் மாறிக்கொண்டே சுற்றும். வந்த காலத்தில் அதற்கு ராஜ மரியாதை இருந்திருக்கும். இப்போதோ புதிய இயங்குதளம் ஏறாது, அண்மையில் வந்த பெரிய விளையாட்டுகள் ஓடாது. ஆனாலும் அழகாக இருந்ததால் வாசலுக்கு நேராக வைத்தேன்.

முதலில் அதன்முன் நின்றவர் ராமேஸ்வரத்தில் ஒரு லாட்ஜின் மேனேஜர். பில் போடக் கம்ப்யூட்டர் வேண்டும் என்று வந்தவர், இதைவிட்டு நகரவில்லை. விளையாட்டுப் படங்களை வேகமாக வரைந்து காட்டத்தான் உள்ளே தனியாக ஒரு கார்டு இருக்கிறது, பில் போட அது தேவையே இல்லை என்று நிதானமாக விளக்கினேன். எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். புரிந்துகொண்டார் என்று நான் மகிழ்ந்த நேரத்தில், குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "அந்த லைட்ட மட்டும் தனியாக் கழட்டிக் குடுப்பீகளா? ரிசப்ஷன்ல சாமி படத்துக்குப் போடணும்."

ஓட்டிப் பார்த்து வாங்குகிறவர்

அடுத்து வந்தவர்கள் ஓர் அப்பாவும் மகளும். அப்பா ஆரோக்கியம், ராமேஸ்வரம் தீவில் இருக்கும் தங்கச்சிமடத்தில் விசைப்படகு டிரைவர். தடைக்காலமாதலால் படகு கரையில் நின்றது. மகள் ஜெனிபர் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. ஐந்து பெண்கள் சேர்ந்து ஆன்லைனில் ஆடும் ஒரு சுடும் விளையாட்டுக் குழுவில் அவளும் ஒருத்தி. மற்ற நால்வரும் வெவ்வேறு ஊர்க்காரிகள். இதுவரை ராமநாதபுரத்தில் ஒரு பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து ஆடிக்கொண்டிருந்தாள். அதை மூடிவிட்டார்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை பெரிய போட்டி ஒன்றின் தகுதிச் சுற்று. அதற்குள் ஒரு கம்ப்யூட்டர் கிடைக்காவிட்டால் அவள் இடத்தில் வேறு பெண்ணைச் சேர்த்துவிடுவார்கள்.

ஆரோக்கியத்திடம் இருந்த பணத்துக்குப் புதிதாக ஒரு சாதாரண லேப்டாப் வரும், ஆனால் அதில் இந்த விளையாட்டு திக்கித் திக்கித்தான் ஓடும். கண்ணாடிப் பெட்டியில் நன்றாகவே ஓடும், ஆனால் அது எத்தனை நாள் உழைக்கும் என்று என்னால் உறுதி சொல்ல முடியாது. இரண்டையும் மறைக்காமல் சொன்னேன். அவரோ, பழைய இன்ஜின் வாங்கினால் கடலில் ஓட்டிப் பார்த்துத்தான் வாங்குவோம், இதையும் ஓட்டிக் காட்டுங்கள் என்று நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்துவிட்டார். பெட்டியின் பின்னால் உள்ளங்கையை வைத்துச் சூடு பார்த்தார். வெளியே வரும் காற்றை மோந்தும் பார்த்தார்.

ஜெனிபர் ஹெட்போனை மாட்டிக்கொண்டு தன் விளையாட்டைத் தொடங்கினாள். அதுவரை அப்பாவின் முதுகுக்குப் பின்னால் நின்று முணுமுணுத்துக்கொண்டிருந்த பெண், திடீரென்று கடை அதிரும்படி, "ஏய், பின்னால ஆள் வாராண்டி, குனி!" என்று கத்தினாள். வாசலில் போன ஒருவர் நிஜமாகவே குனிந்துவிட்டார். ஆரோக்கியம் எழுந்து நின்றுவிட்டார். கோபப்படப் போகிறார் என்று நினைத்தேன். அவரோ மகளையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு என்னிடம் மெதுவாகச் சொன்னார்: "வீட்ல இவ சத்தமே வெளிய வராதுண்ணே. நான் படகுல இப்படித்தான் கத்துவேன்."

நசீரின் எச்சரிக்கை

என் கடையில் ரிப்பேர் பார்ப்பவர் தொண்டிக்காரர் நசீர். கூடுமானவரை எதையும் விற்காமல் இருப்பதே நல்லது என்பது அவருடைய கட்சி. என்னை உள்ளே கூப்பிட்டு, இதைத் தீவுக்குக் கொடுக்காதீர்கள் என்றார். ஏற்கெனவே உழைத்துக் களைத்த கார்டு. அங்கே உப்புக்காற்றில் போர்டு பச்சை பூத்துவிடும். பிறகு அந்தப் பெண் நம்மைத் திட்டுவாள் என்றார்.

நானும் வெளியே வந்து அப்படியே சொன்னேன். ஜெனிபர் அழவில்லை. வாங்கினால் இது ஒருநாள் நின்றுபோகலாம், வாங்காவிட்டால் அவள் ஆட்டம் இன்றோடு நின்றுபோகும், அவ்வளவுதான் வித்தியாசம் என்றாள். அப்பா பணத்தை எடுத்தார். நான் பெட்டியை அட்டையில் கட்டும்போது, ஜன்னலோரம் வைக்கவேண்டாம், உப்பு படியாமல் சுத்தமாக வைத்துக்கொள்ளுங்கள் என்று ஒருமுறைக்கு இருமுறை அழுத்திச் சொன்னேன். சொல்லாமல் இருந்திருக்கலாம். அவர் சிரித்துக்கொண்டே பெட்டியைத் தோளில் தூக்கினார்: "உப்ப எப்படிப் போக்குறதுன்னு எங்களுக்கா சொல்லித் தரணும்?"

வெள்ளிக்கிழமை

போட்டிக்கு இரண்டு நாள் முன்பு காலையில் ஆரோக்கியம் கடைக்கு வந்தார். தோளில், இடுப்பில் கட்டும் சாரத்தில் சுற்றிய மூட்டை. மூட்டையின் அடியிலிருந்து தண்ணீர் சொட்டியது. பின்னால் ஜெனிபர், அழுது வீங்கிய கண்களோடு.

தடைக்காலத்தில் படகைக் கரையேற்றி, கழுவி, இன்ஜினுக்கு எண்ணெய் போட்டு வைப்பது அவர்கள் வழக்கம். உப்பு ஏறிய சாமான் எதுவானாலும் நல்ல தண்ணீரில் கழுவி, துடைத்து, எண்ணெய் தடவினால் துரு அண்டாது. படகோடு படகாக மகளின் கம்ப்யூட்டருக்கும் அதைச் செய்துவிட்டார். கவனமான மனிதர், முதலில் ஒயர்களை எல்லாம் பிடுங்கிவிட்டு, கண்ணாடியைக் கழற்றி, குடத்தோடு ஊற்றியிருக்கிறார். காற்றாடி இறகுகளில் தேங்காய் எண்ணெய் மினுமினுத்தது. மகள் மாதா கோயிலில் பூசை முடிந்து வந்தபோது அவர் மறுபடி ஒயரை மாட்டிக்கொண்டிருந்தாராம். அவள் பாய்ந்து பிளக்கைப் பிடுங்கிக் கையிலேயே வைத்துக்கொண்டாள். கடைக்கு வந்தபோதும் அது அவள் கையில்தான் இருந்தது.

நான் நாற்காலியைத் தேடிப் பிடித்து உட்கார்ந்தேன். நசீர் ஸ்குரு டிரைவரைக் கீழே வைத்துவிட்டு, இரண்டு கைகளாலும் தலையைப் பிடித்துக்கொண்டார். எங்கள் முகங்களைப் பார்த்த ஆரோக்கியத்துக்கு ஏதோ தப்பு என்று புரிந்தது. எங்கே தப்பு என்று மட்டும் புரியவில்லை. தீவில் நல்ல தண்ணீரைக் காசு கொடுத்துத்தான் வாங்கவேண்டும். அந்த நியாயத்தைத்தான் அவர் எங்கள்முன் வைத்தார்: "குடிக்க வாங்குன தண்ணிலதாண்ணே கழுவுனேன். உப்புத்தண்ணி ஒரு சொட்டுக்கூடப் படல."

சனிக்கிழமை

வெள்ளிக்கிழமை முழுக்க நசீர் ஒவ்வொரு பாகமாகக் கழற்றினார். எண்ணெயை ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தார். பக்கத்து பியூட்டி பார்லரில் தலைமுடி உலர்த்தும் மெஷினைக் கேட்டு வாங்கி, மணப்பெண்ணுக்குச் செய்வதுபோலப் பொறுமையாக உலர்த்தினார். மின்சாரம் கொடுக்கும் பெட்டியை மட்டும் நம்ப முடியாது என்று, கடையில் இருந்த வேறொன்றை மாட்டினோம். அப்பாவும் மகளும் ஊருக்குப் போய்விட்டு, சனிக்கிழமை முதல் பஸ்ஸிலேயே வந்துவிட்டார்கள்.

ஸ்விட்சைப் போடுமுன் நசீர் பிஸ்மில்லாஹ் சொன்னார். ஆரோக்கியம் சிலுவைக்குறி போட்டுக்கொண்டார். நான் சற்றுத் தள்ளி நின்றேன். விளக்குகள் எரிந்தன. காற்றாடிகள் சுற்றின. திரை மட்டும் கறுப்பாகவே இருந்தது. நசீர் அணைத்துவிட்டு, இரண்டு மெமரி துண்டுகளில் ஒன்றைக் கழற்றி எடுத்துவிட்டு, மறுபடி ஸ்விட்சைப் போட்டார். திரையில் எழுத்து வந்தது. ஒரு துண்டு செத்திருந்தது. மிச்சமிருந்த ஒன்றில் விளையாட்டு ஓடும், ஆனால் படத்தின் பளபளப்பையெல்லாம் குறைக்கவேண்டும். ஜெனிபர் உட்கார்ந்து குறைத்தாள். மரங்கள் பச்சைக் கட்டிகளாகத் தெரிந்தன. ஆட்கள் தலையணைகளைப்போல ஓடினார்கள். ஐயோ பாவம் என்றேன். அவள் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள்: "ஆள் எங்கன நிக்கிறான்னு தெரியுது அங்கிள். எனக்கு அது போதும்."

திங்கட்கிழமை போன்

ஞாயிறு முழுக்க எனக்குப் போன் வரவில்லை. நானாகக் கூப்பிடவும் தைரியமில்லை. திங்கட்கிழமை கடை திறந்ததும் ஆரோக்கியத்தின் போன். முதல் ஆட்டத்தில் ஜெயித்து, இரண்டாவதில் தோற்றுவிட்டார்களாம். ஆனால் முதல் ஆட்டத்தில் கடைசியாக மிஞ்சி நின்றவள் ஜெனிபர்தான். அவளை விட்டால் வேறு ஆளில்லை என்று குழுவில் சொல்லிவிட்டார்களாம். கம்ப்யூட்டர் ஒருமுறைகூட நிற்கவில்லையாம். தெருவில் பாதிப்பேர் ஜன்னலோரம் நின்று பார்த்தார்களாம். நசீருக்கும் கேட்கட்டும் என்று போனை ஸ்பீக்கரில் போட்டேன்.

அவர் நன்றி சொல்லி முடித்துவிட்டு, போனை வைக்குமுன் ஒரு சந்தேகம் கேட்டார்: "இனிமே தடைக்காலத்துக்குத் தடைக்காலம் கழுவுனாப் போதுமாண்ணே?"

பழைய கேமிங் கம்ப்யூட்டர் வாங்கலாமா என்று கேட்டு வருகிறவர்களிடம் இப்போதெல்லாம் நான் கார்டைப் பற்றியோ மெமரியைப் பற்றியோ பேசுவதில்லை. உங்கள் வீட்டில் சாமான்களைக் கழுவுகிறவர் யார் என்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன்.