தூரத்தில் தெரியாத கடா

சங்ககிரியில் லாரிகளுக்குப் பெயர் எழுதிப் பிழைக்கிற நந்தகுமாருக்குக் கல்யாணம் கூடி வரவில்லை. உறவென்று இருந்தது ஒரே பட்டறையில் கூட வேலை பார்த்த தீர்த்தகிரி ஒருவர்தான்.

மலையடிவாரத்தில் வருசா வருசம் பழங்காலப் படை விழா நடக்கும். இளவட்டங்கள் கேடயமும் வேலும் ஏந்தி அந்தக் காலத்துச் சிப்பாய்களாக வருவார்கள். இவர்கள் இருவருக்கும் அதில் கொடிப் போட்டிதான் உயிர். ஆளுக்கொரு சின்னத்தைத் துணியில் தீட்டி, கோட்டையின் முதல் வாசலில் ஏற்ற வேண்டும். நடுவர்கள் மூவரும் கீழே தூரத்தில் நின்றபடியே அது என்ன சின்னம் என்று சொல்வார்கள். மூவரில் ஒருவருக்காவது தெரிந்தால்தான் அடுத்த சுற்று. போர்க்களத்தில் அடையாளம் தெரியாத கொடி எதற்கு என்பது அவர்கள் கணக்கு.

இந்த வருசம் நந்தகுமாரை நடுவராகப் போட்டிருந்தார்கள். தீர்த்தகிரிக்கு ஈரலில் புற்று. அடுத்த விழாவுக்கு இருக்க மாட்டார். ஒரு தடவையாவது ஜெயித்துவிட்டுப் போகிறேன் என்று, கட்டிலில் சாய்ந்து, மடியில் காவித்துணியை விரித்து, மேச்சேரிச் செம்மறிக் கடா ஒன்றைத் தீட்டினார். பார்க்கப் போன நந்தகுமார் கட்டிலோரம் உட்கார்ந்து அதைக் குனிந்து பார்த்தான். செந்தவிட்டு நிறத்தில் மயிர் மயிராக இழுத்திருந்தார். காது மடலின் நரம்புகூடத் தெரிந்தது. அவர் செய்ததிலேயே இதுதான் உசத்தி என்று சொல்லிவிட்டு வந்தான்.

லாரியில் எழுதும்போது நாலு எட்டுப் பின்னால் போய்ப் பார்க்காமல் இருவரும் ஒரு எழுத்தைக்கூட முடித்ததில்லை. அவரால் எழுந்து நடக்க முடியவில்லை. இவனுக்கோ அன்று அந்த நினைப்பே வரவில்லை.

விழாவன்று கொடி ஏறியது. காவியில் செந்தவிடு கலந்து வெறும் அழுக்குத் திட்டாக ஆடியது. முதல் நடுவர் நாய் என்றார். இரண்டாமவர் பாறை என்றார். ஓரமாக நிறுத்தியிருந்த வேனுக்குள் சாய்ந்திருந்த தீர்த்தகிரி இவனையே பார்த்துக்கொண்டிருந்தார். கடா என்று ஒரு சொல் போதும். ஆனால் முந்தின வருசங்களில் தோற்றுப்போய்க் கொடியைச் சுருட்டிக்கொண்டு போனவர்களும் அங்கேதான் நின்றார்கள்.

"எனக்குத் தெரியலீங்க" என்றான் நந்தகுமார்.

வேனில் திரும்பி வந்ததும் தீர்த்தகிரி வீட்டு வாசலில் கட்டிலைப் போடச் சொன்னார்.

"நந்தா, அந்தக் கொடியைப் புடிச்சுக்கிட்டு அந்த வேப்பமரத்துக்கிட்டப் போ."

அவன் கொடியை முகத்துக்கு நேராகப் பிடித்தபடி பின்னால் நடந்தான்.

"இன்னுங் கொஞ்சம் தள்ளிப் போடா."

போனான்.

பிறகு கட்டிலிலிருந்து குரல் வந்தது.

"நாயாட்டந்தான் இருக்குது. அன்னைக்கே நீ இப்படிப் புடிச்சுக் காட்டியிருக்கலாம், சாமி."

நந்தகுமார் கொடியை இறக்கவில்லை. கை கடுத்தும், அதன் பின்னாலேயே நின்றுகொண்டிருந்தான்.